குரல் ஒரு பக்கம், பேஸ் குசினி வாசலில்

கேள்வி: பொகவந்தலாவையில் ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டில் இருக்கிறோம். முன்னறை 14 அடி நீளம், 10 அடி அகலம், சீலிங் 8 அடி உயரம். கூரை தகரம், தரை சீமெந்து. 10 அடிச் சுவரோரம் டிவி மேசை இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் ஒரு ஸ்பீக்கர். மற்றதற்கு இடமில்லாததால் வலது மூலையில் இருக்கும் இரும்பு அலுமாரியின் மேல் ஏற்றி வைத்தேன். இரண்டும் ஆறரை அங்குல வூஃபர் உள்ள, பின்பக்கம் துவாரம் வைத்த பெட்டிகள். பாடகரின் குரல் எப்போதும் டிவிப் பக்கமாகவே கேட்கிறது. அறையின் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்தால் பேஸ் இல்லை. எதிர்ச் சுவரில் இருக்கும் குசினி வாசலுக்குப் போனால் ‘கும்’ என்று நிறைந்து நிற்கிறது. கடையில் சப்வூஃபர் ஒன்று சேர்க்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? எங்கள் பக்கத்துப் பனியும் ஈரமும் ஸ்பீக்கரைக் கெடுக்குமா?

பதில்:

சப்வூஃபருக்கு எடுத்து வைத்த காசைக் கொஞ்ச நாள் அப்படியே வைத்திருங்கள். நடுவில் பேஸ் இல்லை, குசினி வாசலில் நிறைய என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே போதும். பேஸ் உங்கள் ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் அறை அதைக் கதிரைக்குக் கொடுக்காமல் சுவரோரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இன்னொரு பேஸ் பெட்டியை வாங்கி வைத்தால் அதுவும் குசினி வாசலில்தான் போய் நிற்கும்.

ஏன் அப்படி ஆகிறது என்று ஒரு முறை விளங்கிக்கொண்டால் மீதி வேலை அளவு நாடாவின் வேலை. காற்றில் ஒலி போகும் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. உங்கள் பக்கத்து மாலை நேரக் குளிருக்கு, 16 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 1120 அடி. முன்சுவரில் புறப்பட்டுப் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிக்கு உங்கள் அறையில் 28 அடிப் பாதை. 1120ஐ 28ஆல் வகுத்தால் 40. ஆக, 40 ஹேர்ட்ஸ் ஒலி, அதாவது வினாடிக்கு 40 முறை அதிரும் ஒலி, இந்த அறைக்குள் வந்ததும் போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அசையாமல் நின்றுவிடும். இரு சுவர்களின் ஓரத்திலும் அது உச்சம். சரியாக நடுவில், 7 அடியில், அது வெறுமை. பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த கம்பி தரும் சுரம் 41 ஹேர்ட்ஸ். நீங்கள் கதிரை போட்டிருக்கும் இடத்தில் அந்தக் கம்பி செத்துவிடுகிறது, குசினி வாசலில் உயிர் பெறுகிறது.

அகலவாட்டிலும் இதே கதை உண்டு. 10 அடிக்கு 56 ஹேர்ட்ஸ். ஆனால் ஸ்டீரியோ கேட்க இடவலமாக நடுவில் இருந்தே ஆக வேண்டும், அதை விட்டுக்கொடுக்க முடியாது. உயரத்துக்கு 70. அதைப் பற்றி நாம் செய்யக்கூடியது குறைவு. நகரக்கூடிய ஒரே திசை நீளவாடு. அதனால் இந்தப் பதிலில் ஸ்பீக்கரைவிடக் கதிரையைப் பற்றி அதிகம் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் அலுமாரியிலிருந்து அந்த ஸ்பீக்கரை இறக்கிவிடுங்கள். உங்கள் அலுமாரி ஐந்தரை அடி என்று வைத்தால், மேலே இருக்கும் பெட்டியின் டுவீட்டர், அதாவது கீச்சுச் சுரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர், தரையிலிருந்து 75 அங்குலத்தில் நிற்கும். உட்கார்ந்திருப்பவர் காது 38 அங்குலத்தில். ஆறு அடி தூரத்திலிருந்து கேட்டால், அந்த உயர வித்தியாசத்தால் மட்டுமே மேல் ஸ்பீக்கரின் ஒலி 9 அங்குலம் கூடுதலாகப் பயணம் செய்கிறது. மூன்றில் இரண்டு மில்லிசெக்கன் தாமதம். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் நம் காதுகள் திசையறியப் பயன்படுத்தும் கால வித்தியாசத்தின் முழு எல்லையே ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு பக்க ஒலி அந்த அளவுக்கு முந்தினால் மூளை மொத்தக் குரலையும் முந்தி வந்த பக்கமே போட்டுவிடும். உங்கள் பாடகர் டிவி மேசையை விட்டு நகராததற்குக் காரணம் இது. பாலன்ஸ் குமிழைத் திருகி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். குரல் நடுவுக்கு வந்தது போலத் தோன்றும், வயலினும் தபேலாவும் இடம் பிசகும்.

அலுமாரி மேல் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மூலையின் இரண்டு சுவர், மேலே சீலிங் என மூன்று பரப்புகள் அந்தப் பெட்டியைச் சுற்றி நிற்கின்றன. பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு பரப்பும் கீழ்ச் சுரங்களை 6 டெசிபல் வரை ஏற்றிவிடக்கூடியது. ஆக வலப்பக்க ஸ்பீக்கர் வீங்கிய பேஸையும் இடப்பக்கம் வேறொரு பேஸையும் தருகின்றன. போதாக்குறைக்கு இரும்பு அலுமாரியின் தகடு தானும் சேர்ந்து பாடும்.

இறக்கிய கையோடு வயரைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் நான் சொல்லப்போகும் எந்த அளவும் பலிக்காது. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் மெலியும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாமல் தலையைச் சுற்றி மிதக்கும். பார்ப்பது எளிது. செட்டை அணைத்து, அம்ப்ளிஃபையர் முனையில் வயர்களைக் கழற்றி, சாதாரண 1.5 வோல்ட் பென்டோர்ச் பெட்டரி ஒன்றின் நேர்முனையைச் சிவப்பு வயரிலும் மறுமுனையைக் கறுப்பிலும் கண நேரம் தொட்டெடுங்கள். வூஃபர் வெளியே ஒரு துள்ளு துள்ள வேண்டும். இரண்டிலும் அப்படியே நடந்தால் சரி. வயரும் மணி அடிக்கப் பாவிக்கும் மெல்லிய வயராக இருக்க வேண்டாம். நாலைந்து மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் தாராளமாகப் போதும். அதற்கு மேல் விலை கொடுப்பதில் காதுக்கு எட்டும் பயன் இல்லை. முனை கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். ஈரப் பிரதேசத்தில் வருடம் ஒரு தடவை இதைச் செய்வது நல்லது.

இனி தாங்கி. டுவீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். வழக்கமாக உட்காரும் கதிரையில் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்து, தரையிலிருந்து காது வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 36 முதல் 40 அங்குலத்துக்குள் வரும். உங்கள் பெட்டிக்கு ஏறத்தாழ 24 முதல் 26 அங்குலத் தாங்கி தேவைப்படும். தச்சு பாஸ் ஒருவரிடம் சொல்லிச் செய்விக்கலாம். அவசரத்துக்கு, 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் 6 அங்குலத் தடிப்பும் உள்ள சீமெந்துக் கல் மூன்றை, நீளப்பக்கம் முன்பின்னாக வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 24 அங்குலம். மேலே 9க்கு 12 அங்குலப் பலகை. பலகைக்கும் பெட்டிக்கும் இடையில் நான்கு மூலையிலும் பழைய முச்சக்கரவண்டி டியூபில் வெட்டிய துண்டுகளை வையுங்கள். பெட்டி வழுக்காது, அதிர்வும் கீழே இறங்காது. சாந்து பூசாத கற்களை இப்படி அடுக்குவது அளவு பார்க்கும் இரண்டொரு நாளுக்கு மட்டும். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் வீடென்றால் அந்த இரண்டு நாளும்கூட வேண்டாம். கல்லைச் சாந்து வைத்து இணையுங்கள், அல்லது மரத்தாங்கி வரும்வரை பொறுங்கள்.

அளவுகளுக்கு வருவோம். ஸ்டீரியோவின் அடிப்படை வடிவம் ஒரு முக்கோணம். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான சர்வதேசப் பரிந்துரை, கேட்பவர் இடத்திலிருந்து இரு ஸ்பீக்கரும் 60 பாகை விரிந்திருக்க வேண்டும் என்கிறது. வீட்டில் அதைவிட ஒரு துளி ஒடுக்கினால் குரல் இன்னும் திடமாக நடுவில் நிற்கும். உங்கள் 14க்கு 10 அறைக்கு நான் தருகிற தொடக்க அளவு இது. இரு டுவீட்டர்களுக்கும் இடையே 6 அடி. பக்கச் சுவர்களிலிருந்து ஒவ்வொன்றும் 2 அடி. டிவிச் சுவரிலிருந்து ஸ்பீக்கரின் முன்முகம் 2 அடி 11 அங்குலம். உங்கள் காது அதே சுவரிலிருந்து 8 அடி 8 அங்குலத்தில். அப்போது குசினிப் பக்கச் சுவர் உங்கள் தலைக்குப் பின்னால் 5 அடி 4 அங்குலத்தில் இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் உங்களிடமிருந்து ஆறரை அடி.

இந்த 5 அடி 4 அங்குலம் அறை நீளத்தின் 38 சதவீதம். நடு வெறுமைக்கும் வெளியே, சுவரோர வீக்கத்துக்கும் வெளியே இருக்கிற இடம். இங்கே 40 ஹேர்ட்ஸும் அதன் இரட்டையான 80 ஹேர்ட்ஸும் இரண்டுமே மிதமாகக் காதில் விழும். கதிரையைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவதுதான் எங்கள் வீடுகளில் வழக்கம்; இடம் மிச்சம் என்பது உண்மை, ஆனால் அங்கே எல்லாப் பேஸும் ஒரே ‘கும்’மாகிவிடும், மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடியையும் பேஸ் கிற்றாரையும் பிரித்தறிய முடியாது.

ஸ்பீக்கரை ஏன் அவ்வளவு முன்னால் இழுக்க வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். வூஃபரிலிருந்து கீழ்ச் சுரங்கள் பின்னாலும் போகின்றன. பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து நேரே வரும் ஒலியோடு சேரும்போது, அரை அலை பிந்தியிருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழியும் சுரத்தைக் கணக்கிடலாம். 1120ஐச் சுவர்த் தூரத்தின் நான்கு மடங்கால் வகுங்கள். 1 அடியில் 280 ஹேர்ட்ஸ், 2 அடியில் 140, 3 அடியில் 93. சுவர் ஸ்பீக்கரின் பேஸை எப்படி மாற்றுகிறது என்று ரோய் அலிசன் 1974இல் அளந்து எழுதிய பிறகு இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது, ஆனாலும் பெட்டியைச் சுவரிலிருந்து ஓர் அடியில் வைப்பது இன்னும் விடுபடவில்லை. 280 என்பது மனிதக் குரலின் உடம்பு இருக்கிற இடம். அங்கே பள்ளம் விழுந்தால் பாடகர் மெலிந்து, மூக்கால் பாடுவது போல் கேட்கும். 3 அடியில் பள்ளம் 100ஐ ஒட்டிப் போய்விடும். அது காதை அவ்வளவாக உறுத்தாது.

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் டிவிச் சுவர்த் தூரமும் பக்கச்சுவர்த் தூரமும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள். இரண்டும் 2 அடி என்றால் இரண்டு பள்ளமும் அருகருகே விழுந்து ஒரே குழியாகிவிடும். உங்களுக்கு 2 அடியும் 2 அடி 11 அங்குலமும் சொன்னது அதற்காக.

இடவல அளவில் சலுகை கொடுக்காதீர்கள். மேசன்மார் பாவிக்கும் நைலோன் நூலை எடுத்து, கதிரையில் தலை வரும் இடத்தில் ஒரு முனையைப் பிடித்து, ஒவ்வொரு டுவீட்டர் வரையும் இழுத்துப் பாருங்கள். வித்தியாசம் அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நூல்தான் நல்லது, கையில் தொங்கும் அளவு நாடா நடுவில் தொய்ந்து பொய் சொல்லும். சுவர்கள் நேராக இருக்கும் என்றும் நம்பாதீர்கள், புது வீட்டிலும் ஓர் அங்குலம் கோணியிருப்பது சாதாரணம். அளவு பிடித்ததும் தாங்கியின் நான்கு மூலையையும் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள். கூட்டித் துடைக்கும்போது நகர்ந்தால் திரும்ப வைக்க அது உதவும்.

இப்போது பழைய பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஐம்பது, அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை, இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும். அதைப் போல் நல்ல சோதனைக் கருவி வேறில்லை. பாடகரின் வாய் இரு பெட்டிகளுக்கும் நடுவே, வெறுங்காற்றில், ஒரு கை அகலத்தில் நிற்க வேண்டும். எதிரொலி சேர்த்துத் திருத்திய புதுப் பிரதிகள் இதற்கு ஆகாது, அவற்றில் குரலை வேண்டுமென்றே விரித்திருப்பார்கள். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் நூலை மறுபடி பிடியுங்கள். குரல் நடுவில் இருந்தும் கதவளவுக்கு அகன்று கிடந்தால் திருப்பத்தைப் பாருங்கள்.

திருப்பம் என்பது பெட்டியின் முகத்தை உள்நோக்கித் திருப்புவது. இரண்டும் சரியாக உங்கள் காதை நோக்கினால், கதிரையிலிருந்து பார்க்கையில் பெட்டியின் உள்பக்கமும் தெரியாது வெளிப்பக்கமும் தெரியாது. முகம் மட்டும் தெரியும். அங்கே தொடங்குங்கள். ஒலி கூர்மையாகிக் காதைக் குத்தினால் உள்பக்கப் பலகை ஒரு விரல் அகலம் தெரியும்வரை வெளியே திருப்புங்கள். வீட்டில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து கேட்பதானால் எதிர்த்திசையில் போங்கள். இரு ஸ்பீக்கரின் பார்வையும் உங்களுக்கு ஓர் அடி முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டட்டும். அப்போது வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்தவர் வலது ஸ்பீக்கருக்குக் கிட்டப் போனாலும் அதன் முகத்திலிருந்து விலகிவிடுகிறார். தூரத்து இடது ஸ்பீக்கர் அவரை நேராகப் பார்க்கிறது. கிட்டத்து ஒலி அடங்கி, தூரத்து ஒலி ஏறி, குரல் ஓரளவு நடுவிலேயே நிற்கும். ஓரளவுதான். உங்கள் அளவில் ஓர் அடி பக்கம் நகர்ந்தாலே 0.8 மில்லிசெக்கன் வித்தியாசம் வந்துவிடுகிறது, அதை முழுதாக மறைக்க முடியாது. பெட்டிகளின் பின் மூலைகள் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று இரு பக்கமும் அளந்து திருப்பத்தை ஒன்றாக்குங்கள்.

பிறகு பேஸ். போனில் சுரம் எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி 40, 56, 70, 80, 112 ஹேர்ட்ஸ்களைக் குறைந்த சத்தத்தில் ஒவ்வொன்றாக விடுங்கள். ஆறரை அங்குல வூஃபர் 40ஐ மெலிதாகத்தான் தரும், அதைக் கேட்க வொல்யூமைக் கூட்டி வூஃபரைக் கிழிக்க வேண்டாம். கதிரையை மூன்று மூன்று அங்குலமாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்த இடத்தில் ஒரு சுரமும் குதிக்காமலும் ஒரு சுரமும் காணாமல் போகாமலும் இருக்கிறதோ அதுதான் உங்கள் இடம். 8 அடி 8 அங்குலம் கணக்கு சொன்னது. குசினிக் கதவு திறந்திருப்பது, சோபா எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதை ஆறேழு அங்குலம் மாற்றிவிடும். இரவில் கேட்கும்போது கதவுகள் எப்படி இருக்குமோ அப்படியே வைத்துப் பாருங்கள், திறந்த கதவு வழியாகப் பேஸ் வெளியேறும்.

சுவர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்பீக்கரிலிருந்து பக்கச்சுவரில் தெறித்து வரும் முதல் ஒலி, உங்கள் அறையில் நேர் ஒலிக்கு 2.3 மில்லிசெக்கன் பின்னால் வருகிறது. மூளை அதைத் தனி எதிரொலியாகக் கேட்காது, குரலோடு குழைத்துவிடும். சொற்கள் துலங்காமல் போவது இதனால். நீங்கள் கதிரையில் இருங்கள், இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி, காது உயரத்தில் நகர்த்தட்டும். டுவீட்டர் கண்ணாடியில் தெரியும் இடமே ஒலி தெறிக்கும் இடம். உங்கள் அளவுக்கு அது ஸ்பீக்கர் முகத்திலிருந்து 1 அடி 8 அங்குலம் முன்னால் வரும். எதிர்ப்பக்க ஸ்பீக்கர் தெறிக்கும் இடம் மூன்றரை அடியில். 4 அடி அகலக் கம்பளி ஒன்று இரண்டையும் மூடிவிடும். மலைநாட்டு வீட்டில் கம்பளி இல்லாமலா? ஆனால் சுவரோடு ஒட்டி ஆணி அடிக்காதீர்கள். இரண்டு மடிப்பாக, சுவரிலிருந்து மூன்று நாலு அங்குலம் விலக்கி, கம்பியில் தொங்கவிடுங்கள். விலகல் இருந்தால்தான் நடுச் சுரங்கள் அடங்கும், சுவரின் ஈரமும் கம்பளியில் ஏறாது. ஒரு பக்கம் கதவோ யன்னலோ இருந்தால் அதற்கும் தடித்த திரை வேண்டும், இரு பக்கமும் ஒரே தன்மையாக இருப்பது முக்கியம். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் ஒரு விரிப்பு. அவ்வளவு போதும். நாலு சுவரையும் மூடினால் கீச்சுச் சுரங்கள் செத்து அறை மந்தமாகிவிடும்.

முட்டை அட்டையும் ரெஜிஃபோமும் ஒட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒலி உள்ளே புகுந்து தேய்ந்து அடங்க நூல் நூலான, தடித்த பொருள் வேண்டும். பழைய தும்பு மெத்தை அந்த வேலையை அருமையாகச் செய்யும். ஆனால் எந்த மெத்தையாலும் 40 ஹேர்ட்ஸைத் தொட முடியாது, அதன் கால் அலையே 7 அடி. அதைக் கதிரையை நகர்த்தித்தான் தீர்க்க முடியும்.

தகரக் கூரைக்கு வருகிறேன். மழை அடிக்கும்போது வொல்யூமைக் கூட்டாமல் கிட்டப் போங்கள். 10 அடியிலிருந்து கேட்பதற்குப் பதில் ஆறரை அடியிலிருந்து கேட்டால் நேர் ஒலி ஏறத்தாழ 4 டெசிபல் ஏறுகிறது. மழைச் சத்தம் எங்கிருந்தாலும் ஒன்றுதான். முக்கோணத்தைச் சிறிதாக்கிக் கட்டியதன் இன்னொரு லாபம் இது. மழை இல்லாத நாளில் ‘ஸ்ஸ்ர்’ என்று ஏதாவது சேர்ந்து அதிர்ந்தால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். அதே செயலியில் 30இலிருந்து 200 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள், ஒருவர் அறையைச் சுற்றிக் கை வைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலும் புட்டி காய்ந்து கழன்ற யன்னல் கண்ணாடி, ஆணி தளர்ந்த சீலிங் பலகை, தகரத்தைப் பிடிக்கும் போல்ட்டில் இறப்பர் வொஷர் போனது, அலுமாரிக் கதவு. கை வைத்ததும் சத்தம் நின்றால் அதுதான் குற்றவாளி.

பனியும் ஈரமும் கேட்டீர்கள். குளிரால் கெடுதல் இல்லை. உயரத்தாலும் இல்லை, 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் காற்று கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிது என்றாலும், வொல்யூமை ஒரு நூல் கூட்டினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். ஈரம்தான் எதிரி. வெளிச்சுவரோடு ஒட்டிய பெட்டிக்குப் பின்னால் காற்றோடாமல் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தது நாலு அங்குல இடைவெளி விடுங்கள். மரத்தூள் பலகைப் பெட்டிகளைச் சீமெந்துத் தரையில் நேரே வைத்தால் அடி ஊதி உப்பும். வூஃபரின் விளிம்பு வளையம் ஸ்பொஞ்ச் என்றால் ஈரத்தில் சில வருடத்தில் பொடிந்துவிடும், இறப்பர் வளையம் நெடுநாள் நிற்கும். விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், கறுப்பு மாவு ஒட்டினால் வளையம் போய்விட்டது. வளையத்தை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரை எறிய வேண்டியதில்லை. காலையில் பனி உள்ளே வரும் யன்னலுக்கு நேரேயும், விறகடுப்புப் புகை வரும் வழியிலும் வைக்காதீர்கள். பொலித்தீன் உறை போட்டு மூடவும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பருத்தித் துணி போதும். தினமும் கொஞ்ச நேரம் பாட விடுவது பெட்டியின் உள் ஈரத்துக்கும் நல்லது.

லயத்துக் காம்பராவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 12க்கு 10 அடியில் கட்டிலும் அலுமாரியும் இருக்க, மூன்று அடி முன்னால் இழுக்க இடம் எங்கே? அப்படியானால் அரைகுறையாக ஒன்றரை அடியில் நிறுத்தாமல் பெட்டியை முடிந்தளவு சுவரோடு அணையுங்கள். பின் துவாரத்துக்கு நாலு அங்குலம் விட்டுப் பின்னால் சுவரில் நாலு அங்குலத் தும்பு மெத்தைத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். துவாரத்தில் சுருட்டிய காலுறை ஒன்றைச் செருகினால் வீக்கம் அடங்கும். இடைவெளி நாலு அடி, கேட்கும் தூரமும் நாலு அடி என்று சின்ன முக்கோணம் போடுங்கள். அடுத்த வீட்டோடு பங்கு போடும் சுவரில் ஸ்பீக்கரைச் சாய்க்காதீர்கள், அந்தச் சுவரை நோக்கிய அலுமாரி மேலும் வைக்காதீர்கள். கீழ்ச் சுரம் செங்கல்லைக் கடந்து போகும், அந்தப் பக்கம் ஒரு பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். கிட்ட இருந்து மெல்லக் கேட்டால் இசையில் ஒன்றும் குறையாது.

டிவி மேசையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் அதுதான் பிரச்சினையாகும். மேசை நடுவில் சுவரோடு இருக்கட்டும், ஸ்பீக்கர்கள் அதற்கு முன்னால் வந்துவிடுவதால் திரையில் தெறிப்பு பெரிதாக இராது. பகலில் தாங்கிகளைப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள். பாட்டுக் கேட்கும் நேரத்தில் சுண்ணக்கட்டிக் குறிக்கு இழுங்கள். இரண்டு நிமிட வேலை.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் கேளுங்கள். அதற்குப் பிறகும் கீழ்ச் சுரம் போதாதென்றால் சப்வூஃபர் வாங்குவதில் நியாயம் உண்டு. கடைக்காரர் சொல்வது போல மூலையில் வைக்காதீர்கள். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் கதிரையின் மேல் ஏற்றி, பேஸ் நிறைந்த பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையோடு தவழ்ந்து கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பேஸ் சுரங்கள் எல்லாம் ஒரே அளவில், தனித்தனியாகக் கேட்கின்றனவோ அங்கே அதை இறக்கி வையுங்கள். வெட்டும் குமிழை, அதாவது எந்தச் சுரத்துக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று வைக்கும் குமிழை, 80 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட நிறுத்தி, அதன் வொல்யூமை அது ஓடுவதே தெரியாத அளவுக்கு இறக்குங்கள். அணைத்தால் மட்டும் குறை தெரிய வேண்டும்.